ஏரிக்கரைச் சேறு (கடிதம்)

அன்புள்ள ஐயா,

சோழிங்கநல்லூரில் குடியிருக்கிறேன். ஆறாம் வகுப்பு படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு ஞாயிறு காலைகளில் பெரும்பாக்கம் ஏரிக்குப் பறவை பார்க்கப் போகிறேன். மாசி வந்ததும் தண்ணீர் வற்றி, கரையோரம் ஒரே சேறு. நாற்றம் தாங்கவில்லை, கொசு வேறு. ஏரியை ஆழப்படுத்தி, சுற்றிலும் கல் பதித்து நடைபாதை போட்டால் பறவைகளைப் பக்கத்தில் பார்க்கலாமே? அப்புறம், எந்த பைனாகுலர் வாங்கலாம்? பறவைகளுக்கு பிஸ்கட் போடலாமா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

பிஸ்கட் வேண்டாம். கொசுவுக்கு முழுக்கைச் சட்டை போதும். ஆனால் சேற்றைப் பற்றி நீங்கள் எழுதியதை அப்படி விட முடியவில்லை. பத்து நாளாக நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் வேளச்சேரிப் பக்கம் என் மாமா தையற்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் ஒரு ஏரி. பங்குனி வெயில் ஏறுவதற்குள் என்னை அங்கே அழைத்துப் போவார். நான் நின்றுகொண்டே எட்டிப் பார்ப்பேன். "உட்காருடா. நின்னா நீ ஆளு, உட்கார்ந்தா மண்மேடு" என்பார். உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் கொசு உள்ளான்கள் என்கிற சின்னஞ்சிறு கரைப்பறவைகள் எங்களை மறந்துவிட்டுக் கிட்டே வரும். தலையைத் தூக்காமல் குத்திக்கொண்டே போகும். அவை நகர்ந்ததும் மாமா ஈர மண்ணைக் காட்டுவார். ஊசி இறங்கின மாதிரி வரிசையாகத் துளைகள். "நம்ம மிஷின் தையல் மாதிரியே இருக்கு பாரு."

அந்தக் கொசு உள்ளானின் எடை கோழிமுட்டையில் பாதிதான். அது கூடு கட்டுவது ஆர்க்டிக் கரையோரத் துந்திராவில், வடதுருவத்தை ஒட்டிய மரமில்லாத குளிர்வெளியில். அங்கே போய்ச் சேர உடம்பில் கொழுப்பு ஏற்றியாக வேண்டும், அதை இப்போதே தொடங்க வேண்டும். தீனி எங்கே இருக்கிறது? நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்ட அந்தச் சேற்றில். நூல் போன்ற சிவப்புப் புழுக்கள் அதற்குள்தான் இருக்கின்றன.

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்புகிறது. தையிலிருந்து தண்ணீர் மெல்லப் பின்வாங்குகிறது. வற்ற வற்ற, புதிதாக ஒரு கீற்று ஈர மண் திறக்கிறது, நேற்றுவரை எந்த அலகும் தொடாத மண். பறவைகள் தண்ணீரின் விளிம்பைத் தொடர்ந்தே நகரும். கொசு உள்ளானுக்கு வெறும் ஈரம் போதும். நெடுங்கால் உள்ளான் இன்னும் உள்ளே தள்ளி நிற்கும். கருவால் மூக்கனுக்கு அரைச்சாண் நீள அலகு. முழுவதும் சேற்றில் புதைந்திருக்கும்போதே அலகின் நுனியை மட்டும் திறந்து இரையைப் பிடிக்கும். ஒரு சரிவான கரையில் இத்தனை பேருக்கும் பந்தி நடக்கிறது.

நீங்கள் கேட்கிறபடி கரையை நெட்டுக்குத்தாக வெட்டிக் கல் பதித்தால் இந்தச் சரிவு போய்விடும். ஆறடி ஆழத்தில் நீர்க்காகம் முக்குளிக்கும். உள்ளான் எங்கே கால் வைக்கும்? பக்கத்தில் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பந்தியையே எடுத்துவிடச் சொல்கிறீர்களே, கோபம் வருகிறது. படித்தவர் நீங்கள், மகளுக்குப் பறவையைக் காட்ட விடியலில் எழுந்து போகிறவர். நீங்களே இப்படிக் கேட்டால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

மாமாவின் ஏரியிலும் கல் பதித்தார்கள். நடைபாதை, விளக்கு, பெஞ்சு எல்லாம் வந்தன. கடைசிக் காலத்தில் ஒருமுறை ஆட்டோவில் அழைத்துப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். "தண்ணி நல்லாத்தான் இருக்கு. ஒரு தையல்கூட இல்லையேடா" என்றார். திரும்பும் வழியில் இரண்டு பேரும் பேசவில்லை.

சரி, பைனாகுலர். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் 8×42 வாங்குங்கள். பத்து மடங்கு வேண்டாம், குழந்தையின் கையில் படம் ஆடும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி கரையில் உட்காருங்கள், சேற்றில் இறங்க வேண்டாம். கொசு உள்ளானின் சாம்பல் முதுகில் ஒன்றிரண்டு செம்பழுப்பு இறகு புதிதாக முளைத்திருந்தால் பயணத்துக்கு உடை மாற்றுகிறது என்று மகளிடம் சொல்லுங்கள். இந்த ஞாயிறே போங்கள். சித்திரை போவதற்குள் அவை கிளம்பிவிடும்.