ரெண்டு வருஷத்துல திரும்பிடுவோம்னா ஜெர்மன் எதுக்கு?

கேள்வி: அக்கா, கல்யாணமாகி மியூனிக் வந்து எட்டு மாசம் ஆகுது. அவருக்கு ஐடி வேலை, படிச்சு வேலைக்கு வர்றவங்களுக்குக் குடுக்கற ப்ளூ கார்டு அனுமதி, ஆபீஸ்ல எல்லாமே இங்கிலீஷ்தான். எப்படியும் ரெண்டு மூணு வருஷத்துல ஊருக்குத் திரும்பிடுவோம், பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி வர்ற இந்த டெர், டீ, டாஸ் எல்லாம் மனப்பாடம் பண்ணி என்ன ஆகப்போகுதுன்னு கேக்கறார். வந்த நாட்டு பாஷையைக் கத்துக்கிட்டே ஆகணுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மியூனிக்

பதில்: கத்துக்கோங்க தங்கச்சி, அவர் கத்துக்கலைன்னாலும் நீங்க கத்துக்கோங்க.

"ரெண்டு வருஷத்துல திரும்பிடுவோம்"னு அந்த நாட்டுல முதல்ல சொன்னது உங்க வீட்டுக்காரர் இல்ல. 1961ல துருக்கியோட ஒப்பந்தம் போட்டு மேற்கு ஜெர்மனி ஆள் எடுத்துச்சே, அப்ப வந்தவங்களும் இதைத்தான் சொன்னாங்க, கூப்பிட்ட அரசாங்கமும் இதைத்தான் நினைச்சுது, அவங்களுக்கு வச்ச பேரே விருந்தாளித் தொழிலாளிங்கதான். போகப்போற ஆளுக்கு பாஷை எதுக்குன்னு சொல்லிக்கொடுக்க யாரும் பெருசா மெனக்கெடல. 1973ல ஆள் எடுக்கறதை நிறுத்தினதும், இப்ப ஊருக்குப் போனா மறுபடி வர முடியாதேன்னு நிறைய பேர் அங்கயே தங்கி பொண்டாட்டி பிள்ளைங்களை வரவழைச்சுட்டாங்க. அப்படி ஒரு வீட்டுல வளர்ந்தவங்கதான் எனக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்த டீச்சர். ஒன்பது வயசுல டாக்டருக்கும் அம்மாவுக்கும் நடுவுல நின்னு, கர்ப்பப்பையை எடுக்கணும்னு அம்மாகிட்ட இவங்கதான் சொல்லியிருக்காங்க. அந்த வார்த்தை எனக்கு ரெண்டு பாஷையிலயும் தெரியாது, வயித்தைத் தொட்டுக் காட்டினேன்னு சொன்னாங்க. அதைக் கேட்டதுலேர்ந்து, பாஷை தேவையான்னு யார் கேட்டாலும் எனக்கு அந்த ஒன்பது வயசுப் பொண்ணுதான் ஞாபகம் வருது.

என் கதையும் சொல்றேன். பையனுக்கு காய்ச்சல், போன்ல "ஹால்ப் டிரை"க்கு வாங்கன்னாங்க. ஹால்ப்னா அரை, டிரைன்னா மூணு, நம்ம கணக்குல மூணரைதானே, அப்படியே போய் நின்னேன். அவங்க கணக்குல அது மூணு ஆகறதுக்கு அரை மணி முன்னாடி, அதாவது ரெண்டரை. டெர்மின், அதான் டாக்டர் குடுத்த நேரம், போச்சு. தோள்ல கொதிக்கற பிள்ளையை வச்சுக்கிட்டு, தப்பா புரிஞ்சுக்கிட்டேன், கொஞ்சம் பாருங்கன்னு கெஞ்சக்கூட எனக்கு வார்த்தை வரல.

அதுக்காக பாஷை தெரியலைன்னா நாட்டை விட்டுப் போன்னு கத்தறவங்களோட நான் சேரமாட்டேன். ராத்திரி ஆபீஸ் கூட்டித் துடைச்சுட்டு விடியக்காலைல வீடு வர்ற அம்மா, கைக்குழந்தையைப் பார்த்துக்க ஆள் இல்லாம எந்த கிளாஸ்ல போய் உக்காருவாங்க? கத்துக்கோன்னு சொல்ற நாடு அதுக்கு வழியும் பண்ணணும். ஜெர்மனி 2005லதான் ஒருங்கிணைப்பு கோர்ஸ்னு ஒண்ணு ஆரம்பிச்சுது, பொதுவா 600 பாடவேளை மொழி, 100 பாடவேளை நாட்டு நடப்பு. 2024ல வந்த குடியுரிமைச் சட்டத்துல, 1974 ஜூன் 30க்குள்ள வந்த அந்தப் பழைய தொழிலாளிங்களுக்கு அன்றாடம் பேசத் தெரிஞ்சா போதும், எழுத்துப் பரீட்சை வேண்டாம்னு தளர்த்தினாங்க. அன்னிக்கு நாங்க சொல்லிக்கொடுக்கலைன்னு ஒத்துக்கிட்ட மாதிரிதான் நான் அதைப் பார்க்கறேன், ஆனா எவ்வளவு லேட்டு!

உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு கணக்கைச் சொல்லுங்க. ப்ளூ கார்டுக்காரங்களுக்கு ஏ1, அதாவது ஆரம்ப நிலை ஜெர்மன் இருந்தா 27 மாசத்துல நிரந்தர அனுமதி கேக்கலாம், பி1, அதாவது நடுத்தர நிலை இருந்தா 21 மாசத்துலயே. திரும்பறதா இருக்கறதான்னு அப்புறம் நிதானமா முடிவு பண்ணிக்கலாமே.

நீங்க பக்கத்துல இருக்கற, பெரியவங்களுக்குப் பாடம் நடத்தற ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலேல போய் கேளுங்க, குடும்ப விசாவுல வந்தவங்களுக்கு அந்த கோர்ஸ்ல இடம் உண்டான்னு விசாரிங்க. கடையில நீங்க தடுமாறினதும் அவங்க இங்கிலீஷுக்கு மாறினா, "பிட்டே லாங்ஸாம்", கொஞ்சம் மெதுவா சொல்லுங்கன்னு ஜெர்மன்லயே கேளுங்க. அடுத்த டாக்டர் டெர்மினுக்கு அவரை போன் பண்ணச் சொல்லாதீங்க, நீங்களே பண்ணுங்க, மணியை மட்டும் ரெண்டு தடவை கேட்டு எழுதி வச்சுக்கோங்க.