ஆற்றுப் படுகை நீர் ஆளுகை: இளம் ஆய்வாளர்களுக்கான பயிற்சியை எதிலிருந்து தொடங்குவது?

பொறியியல், சட்டம், சமூகவியல் படித்தவர்கள் கலந்த குழுவுக்கு 12 வாரப் பயிற்சி. முதலில் எதைச் சொல்லித்தருவது என்பது கேள்வி.

நீர்க்கணக்கைத்தான். ‘பங்கேற்பு’, ‘ஒருங்கிணைந்த மேலாண்மை’ எல்லாம் ஐந்தாம் வாரத்துக்கு மேல் வரட்டும். சட்டம் படித்தவரும் இதில் உட்கார வேண்டும்.

முழு ஆற்றையும் எடுக்காதீர்கள். மேலே ஓர் அளவீட்டு நிலையம், கீழே ஒன்று, நடுவில் ஒரு கால்வாய் பிரியும் துணையாறு போதும். வரவு, மேலிருந்து வந்ததும் மழையும். செலவு, பயிரும் மண்ணும் ஆவியாக்கியது, குடிநீருக்கும் ஆலைக்கும் போனது, கீழ் நிலையத்தைத் தாண்டியது. கணக்கு நிச்சயம் இடிக்கும். துண்டு விழுந்ததை எல்லாம் நிலத்தடி நீர் தலையில் கட்டிவிடுவார்கள், விடாதீர்கள். பிழையைப் பிழை என்றே தனி வரியில் எழுதச் சொல்லுங்கள்.

வினாடிக்கு 10,000 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 0.864 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). ‘வினாடிக்கு’ என்பதை விழுங்கிவிட்டு எழுதிய அறிக்கைகள் ஏராளம். பெரும்பாலான நிலையங்களில் ஓட்டத்தை அன்றாடம் நேரடியாக அளப்பதும் இல்லை. நீர்மட்டத்தைப் படித்து, மட்டத்தையும் ஓட்டத்தையும் இணைக்கும் வளைகோட்டில் பொருத்தி எடுக்கிறார்கள். ஒரு வெள்ளம் மணலை அள்ளிக்கொண்டு போனால் பழைய வளைகோடு பொய்யாகிவிடும். ஆகவே நிலையத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள்?

அடுத்து, நன்றாகப் படித்தவர்களே சறுக்கும் இடம். வயலுக்கு 100 பங்கு எடுத்து, பயிர் 60 குடித்து, 40 ஆற்றுக்குத் திரும்புகிறது. சொட்டுநீருக்கு மாறி, பரப்பையும் கூட்டி, 80 எடுக்கிறார்கள்; பயிர் 70 குடிக்கிறது, திரும்புவது 10. ‘20 பங்கு மிச்சம்’ என்று அறிக்கை வரும். கீழே இருப்பவருக்கோ 10 பங்கு குறைந்திருக்கும். இதைத் தாளில் போட்டுப் பார்க்காமல் யாரையும் களத்துக்கு அனுப்பக் கூடாது.

ஒப்பந்தங்களைப் படிக்கும்போது பங்கீட்டு எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ ஆற்றுக்கான 1922 ஒப்பந்தம் மேல், கீழ்ப் படுகைகளுக்கு ஆண்டுக்குத் தலா 75 லட்சம் ஏக்கர் அடி (ஒரு ஏக்கரில் ஓரடி ஆழம் நிற்கும் நீர் ஓர் ஏக்கர் அடி) என்று பிரித்தது. அடிப்படையாக எடுத்த ஆண்டுகள் வழக்கத்தைவிட ஈரமானவை. காவிரியில் 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி கர்நாடக எல்லையை ஒட்டிய பிலிகுண்டுலு அளவீட்டு நிலையத்தில் 177.25 டிஎம்சி வர வேண்டும் என்பது சாதாரண ஆண்டுக்கு. சண்டை வருவது பற்றாக்குறை ஆண்டில். எங்கே அளப்பது, மாதவாரி அட்டவணை என்ன, வறட்சியை யார் அறிவிப்பது: இந்த மூன்றையும் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

களத்தில் ‘தண்ணீர் போதுமா?’ என்று கேட்டால் ‘போதாது’ என்றுதான் பதில் வரும். ‘உங்கள் முறைத் தண்ணீர் கடைசியாக எந்த இரவு வந்தது, மதகை யார் திறந்தார்?’ என்று கேட்க வேண்டும். தலைமடைக்காரரையும் கடைமடைக்காரரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்காதீர்கள், கடைமடை வாயே திறக்காது. பாசன சங்கப் பட்டியல் நில உரிமையாளர் பட்டியலாக இருந்தால், உழைக்கும் பெண்களும் குத்தகைதாரர்களும் அதில் இருக்க மாட்டார்கள்; தனியாகத் தேட வேண்டும். அனுமதியில்லாத மோட்டார்களை எண்ணலாம், பெயர் குறிக்கக் கூடாது. அந்தக் குறிப்பேடு யார் கையில் சிக்கும் என்று சொல்ல முடியாது.

பேச்சுவார்த்தைப் பயிற்சிக்கு மூன்று மணி நேரம், ஒரு வறட்சி ஆண்டு. குழுவை இரண்டாகப் பிரித்து, மேல்படுகைத் தரப்புக்கு இன்றைய தரவு, கீழ்ப்படுகைத் தரப்புக்குப் பத்து நாள் பழைய தரவு கொடுங்கள். முதல் ஒரு மணி நேரம் தண்ணீரைப் பற்றிப் பேசவே மாட்டார்கள், யார் எண் சரி என்றுதான் அடித்துக்கொள்வார்கள்.