நீரில் கரைந்த அம்மோனியா: கேள்வி – பதில்

வேதியியல் ஆய்வகங்களில் பல ஆண்டுகள் பாடம் நடத்திய உறுப்பினர் ஒருவர், அம்மோனியா கரைசலைப் பற்றி மற்ற உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு எழுதிய பதில்கள் இவை.

கேள்வி (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி): ஆய்வகப் புட்டியில் அம்மோனியம் ஹைட்ராக்சைடு என்று ஒட்டியிருக்கிறது. எங்கள் ஆசிரியரோ லிக்கர் அம்மோனியா என்கிறார். இரண்டும் ஒன்றுதானா, ஐயா?

பதில்: பொருள் ஒன்றுதான், ஆனால் உங்கள் ஆசிரியர் சொல்லும் பெயரே உண்மைக்கு நெருக்கமானது. அம்மோனியா நீரில் கரையும்போது அதன் மூலக்கூறுகளில் மிகச் சிலவே நீரிடமிருந்து ஒரு புரோட்டானைப் பெற்று அம்மோனியம் அயனியாகின்றன. புரோட்டானை இழந்த நீர் ஹைட்ராக்சைடு அயனியாகிறது. லிட்டருக்கு ஒரு மோல் செறிவுள்ள கரைசலில், 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், ஆயிரத்துக்கு ஏறத்தாழ நான்கு மூலக்கூறுகள்தாம் இவ்வாறு மாறுகின்றன. மற்ற 996 மூலக்கூறுகளும் அம்மோனியாவாகவே நீருக்குள் இருக்கின்றன. அந்த நால்வரே கரைசலின் பி.எச். மதிப்பை (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 11.6 வரை உயர்த்திவிடுகிறார்கள் என்பது வேறு செய்தி. அம்மோனியம் ஹைட்ராக்சைடு என்னும் சேர்மத்தை இக்கரைசலிலிருந்து தனியே பிரித்தெடுக்க இயலாது. இந்த நான்கையும் 996ஐயும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பல கேள்விகளுக்கு விடை அவற்றில்தான் இருக்கிறது.

கேள்வி: கண்ணாடி துடைக்க அம்மோனியா கலந்த திரவத்தை விற்கிறார்களே, சோடா உப்புக் கரைசலும் காரம்தானே, அது போதாதா? பிளீச்சிங் பவுடரையும் சேர்த்தால் இன்னும் பளிச்சென்று ஆகுமா?

பதில்: சோடா உப்புக் கரைசலும் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், ஆனால் நீர் உலர்ந்த பிறகு உப்பு வெள்ளைத் திட்டாகக் கண்ணாடியில் தங்கிவிடும். அம்மோனியா அப்படித் தங்காது. முதலில் 996 பேரும் காற்றில் கலந்துவிட, சமநிலையைச் சரிசெய்ய அம்மோனியம் அயனிகளும் மீண்டும் அம்மோனியாவாக மாறி வெளியேறிவிடுகின்றன. கறையை எடுத்த காரமே சுவடின்றிப் போய்விடுவதுதான் அதன் சிறப்பு.

இரண்டாவது கேள்விக்கு விடை: ஒருபோதும் சேர்க்காதீர்கள். பிளீச்சிங் பவுடரோ பிளீச்சிங் திரவமோ அம்மோனியாவைச் சந்தித்தால் குளோரமின் வாயுக்கள் உண்டாகும். அவை கண்ணையும் நுரையீரலையும் புண்ணாக்கக்கூடியவை. சிறுநீரிலுள்ள யூரியா நாளடைவில் நுண்ணுயிர்களால் அம்மோனியாவாகச் சிதைவதால், நாட்பட்ட சிறுநீர்க் கறையின்மீது பிளீச்சிங் பவுடரைக் கொட்டினாலும் இதே வினைதான் நிகழும். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கதவைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: பித்தளைக் குத்துவிளக்கை அம்மோனியா கரைசலில் துலக்கலாமா?

பதில்: பளபளக்கும், ஆனாலும் வேண்டாம் என்பேன். மயில்துத்தக் (தாமிர சல்பேட்) கரைசலில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் முதலில் வெளிர் நீல வீழ்படிவு தோன்றி, மேலும் விட அது கரைந்து அடர்நீலமாவதை ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள். நான்கு அம்மோனியா மூலக்கூறுகள் ஒரு தாமிர அயனியைப் பற்றிக்கொள்வதன் நிறம் அது. விளக்கின் மேலுள்ள கறுப்பும் அப்படித்தான் கரைகிறது. ஆனால் வடிக்கும்போது உள்ளே இழுவிசை தங்கிப்போன பித்தளை, அம்மோனியா பட்டால் விரிசல் விடும். பிரிட்டிஷ் இந்தியப் படையில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகவே விரிசல் கண்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவே காரணம் என்று 1921இல் விளக்கம் கிடைத்தது. விளக்குக்குப் புளி போதும்.

கேள்வி (மார்த்தாண்டத்திலிருந்து): ரப்பர் பாலில் அம்மோனியா சேர்ப்பது எதற்காக? வேறு காரம் ஏன் சேர்ப்பதில்லை?

பதில்: ரப்பர் பாலில் ரப்பர்த் துகள்கள் புரதமும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய உறையுடன் மிதக்கின்றன. அவ்வுறையின் எதிர்மின்சுமை ஒரு துகளை மற்றொன்றிடமிருந்து விலக்கி வைக்கிறது. பாலில் பாக்டீரியாக்கள் பெருகி அமிலங்களை உண்டாக்கும்போது அம்மின்சுமை குறைந்து, துகள்கள் ஒட்டிக்கொண்டு பால் திரைந்துபோகிறது. அம்மோனியா பாக்டீரியாவை அடக்குகிறது, அமிலத்தைச் சமன்செய்கிறது, உறையின் எதிர்மின்சுமையையும் உயர்த்துகிறது. அறுபது விழுக்காடு ரப்பர் உள்ள செறிந்த பாலில் வழக்கமாக 0.7 விழுக்காடு வரை அம்மோனியா சேர்ப்பார்கள். வேறு காரமும் பாலைத் திரையாமல் காக்கும். ஆனால் அது பாலிலேயே தங்கிவிடும். அம்மோனியா மிகுதியாக இருந்தால், கையுறை ஆலையில் காற்றை ஊதியே பெரும்பகுதியை வெளியேற்றிவிடலாம். கண்ணாடி துடைப்பதற்குச் சொன்ன அதே குணம்தான். ரப்பர் ஷீட் அடிக்கப்போகும் பாலில் மட்டும் அளவோடு ஊற்றுங்கள். ஊற்றிய அம்மோனியாவைச் சமன்செய்யவே, பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலம் கூடுதலாகச் செலவாகும்.

கேள்வி: என் மீன் தொட்டியில் அம்மோனியா அளவு மாறவில்லை, ஆனாலும் ஒரே நாளில் மீன்கள் தவிக்கின்றன. ஏன்?

பதில்: பி.எச். மதிப்பைப் பார்த்தீர்களா? சோதனைப் பெட்டி பெரும்பாலும் அம்மோனியாவையும் அம்மோனியம் அயனியையும் சேர்த்தே காட்டுகிறது. செவுளைக் கடந்து எளிதில் உள்ளே புகுந்து நஞ்சாவது மின்சுமையற்ற அம்மோனியாதான். 25 டிகிரியில், பி.எச். 7 ஆக இருக்கும் நீரில் மொத்தத்தில் அரை விழுக்காடே அந்த வடிவில் இருக்கும், 8 ஆனால் ஐந்து விழுக்காடு, 9.25இல் சரிபாதி. பாசி மிகுந்த தொட்டியில் வெயில் ஏற ஏறப் பாசி கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்வதால் பிற்பகலில் பி.எச். உயர்கிறது. உடனடியாகத் தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள். சில நாட்களுக்குத் தீனியைக் குறையுங்கள்.

கேள்வி: நவச்சாரத்தையும் சுண்ணாம்பையும் சேர்த்துக் கசக்கினால் வரும் நெடி இதுதானா?

பதில்: இதுவேதான். நவச்சாரம் அம்மோனியம் குளோரைடு. சுண்ணாம்பின் ஹைட்ராக்சைடு அயனி அம்மோனியத்திடமிருந்து புரோட்டானைத் திரும்பப் பறித்துக்கொள்ள, அம்மோனியா வெளிவருகிறது. முதல் பதிலில் சொன்ன வினையின் மறுதலை.

கேள்வி: கோடையில் செறிந்த அம்மோனியா புட்டியைத் திறக்க அச்சமாக இருக்கிறது.

பதில்: அச்சம் நியாயமானதே. வெப்பம் கூடக் கூட நீரில் அம்மோனியாவின் கரைதிறன் குறைவதால் புட்டிக்குள் அழுத்தம் ஏறியிருக்கும். குளிர்ந்த நீரில் சிறிது நேரம் வைத்து, பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, புகைபோக்கி அறைக்குள் (வாயுக்களை வெளியே இழுத்துவிடும் ஆய்வகக் கூண்டு) மெல்லத் திறவுங்கள். கண்ணில் தெறித்தால் அமிலம் எதையும் விட்டுச் சமன்செய்ய முயலாமல், குறைந்தது 15 நிமிடம் தண்ணீரால் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.