பேசாமல் மெயிலிலேயே சண்டை போடுகிறவர்களுக்கு

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நானும் அவரும் மூன்று வருடமாக ஒரே டீம். இரண்டு மாதம் முன்பு மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் 'இந்த ரிப்போர்ட் எப்போதும் லேட்தான்' என்று சொல்லிவிட்டார். அவரிடமிருந்து எனக்கு டேட்டா வந்ததே லேட். அன்றிலிருந்து பேச்சு இல்லை, மெயில் மட்டும்தான், அதுவும் மேனேஜரை சிசியில் போட்டு. அவர் என்னைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதை இன்னொரு நண்பர் வந்து சொல்வார். எச்.ஆரிடம் புகார் கொடுக்கட்டுமா, பொறுத்துப் போகட்டுமா?"

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். இந்த வாரத்திலேயே அவரைத் தனியாகப் பார்த்துப் பேசுங்கள்.

மெயிலில் இது தீராது. ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி ஆகிய உளவியலாளர்கள் தங்கள் குழுவோடு 2005-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கிண்டலாகவும் சீரியஸாகவும் சில வாக்கியங்களை மெயிலில் எழுதியவர்கள், படிப்பவருக்கு 78 சதவீதம் சரியாகப் புரியும் என்று நினைத்தார்கள். புரிந்தது 56 சதவீதம்தான், குருட்டாம்போக்கில் சொன்னாலே 50 வந்துவிடும். அதையே குரலில் சொன்னபோது ஏறக்குறைய முக்கால்வாசி சரியாகப் போய்ச் சேர்ந்தது. அப்படியானால் நீங்கள் சாதாரணமாக எழுதும் "தகவலுக்காக" என்ற ஒரு வார்த்தை, பக்கத்தில் மேனேஜர் பெயரோடு அவர் திரையில் எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். சிசியை இன்றே நிறுத்துங்கள்.

அதைவிட முக்கியம் அந்த நண்பர். இருபது வருடமாக ஆபீஸ் தகராறுகளில் சமரசம் பேசுகிறேன், பெரிதாக வெடித்த சண்டைகளில் முக்கால்வாசி நடுவில் இப்படி ஒருவர் இருந்தார். இங்கே கேட்டதை அங்கே சொல்வார், அங்கே கேட்டதில் பாதியை விட்டுவிட்டு இங்கே சொல்வார், இருவருக்கும் வேண்டியவராகவே இருப்பார். முர்ரே போவென் என்ற மனநல மருத்துவர் குடும்பங்களில் இதைத்தான் முக்கோணம் என்றார்: இருவருக்குள் இறுக்கம் வந்தால் மூன்றாவது ஆளை இழுத்துக்கொள்வார்கள், இறுக்கம் கொஞ்சம் தணிந்த மாதிரி இருக்கும், பிரச்சினை இருந்த இடத்திலேயே இருக்கும். அடுத்த முறை அவர் வந்தால், "அதை அவரே என்னிடம் சொல்லட்டும்" என்று சொல்லி வேலையைப் பாருங்கள். "நான் வேண்டுமானால் பேசிப் பார்க்கிறேன்" என்பார். வேண்டவே வேண்டாம்.

சரி, என்ன பேசுவது? நடந்ததை மட்டும். "அன்றைக்கு மீட்டிங்கில் ரிப்போர்ட் எப்போதும் லேட் என்று சொன்னீர்கள். டேட்டா எனக்கு வியாழன் சாயங்காலம் வந்தது, வெள்ளி காலை ரிப்போர்ட் போக வேண்டும். எல்லோர் முன்னாலும் அதைக் கேட்டது எனக்குக் கஷ்டமாக இருந்தது. உங்கள் பக்கம் என்ன நடந்தது?" இவ்வளவுதான், அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டு அவர் முடிக்கும்வரை கேளுங்கள், அவர் தடுமாறினாலும் நீங்கள் நிரப்ப வேண்டாம். "நீங்கள் எப்போதுமே இப்படித்தான்" மட்டும் வரக்கூடாது. உங்களைச் சுட்டதே அந்த "எப்போதும்"தானே? அதைத் திருப்பிக் கொடுத்தால், நேரத்துக்குக் கொடுத்த ஒரு நாளைத் தேடி எடுத்துக்கொண்டு அவர் வாதாட ஆரம்பிப்பார்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு, இதை நன்றாகக் கவனியுங்கள். பாலியல் சீண்டல், மிரட்டல், கை நீட்டுவது, பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்துவது, இவற்றில் எது இருந்தாலும் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. தனியாகப் போய்ப் பேசாதீர்கள். "இருவரும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று மேலதிகாரியே சொன்னாலும் போகாதீர்கள். தேதி, நேரம், யார் இருந்தார்கள், சொன்ன வார்த்தை, எல்லாவற்றையும் அன்றே எழுதிவைத்து எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு தடவைதானே என்பார்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019-இல் ஏற்ற 190-ஆம் உடன்படிக்கையில், ஒரே ஒரு முறை நடந்தாலும் அது வன்முறை, துன்புறுத்தல் என்ற வரையறைக்குள் வரும் என்று தெளிவாக இருக்கிறது. இது கருத்து வேறுபாடே இல்லை, அதனால் இதற்குச் சமரசமும் இல்லை.

உங்கள் விஷயம் அது இல்லை. இதை எச்.ஆரிடம் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று பல இடங்களில் பார்த்துவிட்டேன்: இருவரையும் ஒரு அறையில் உட்காரவைத்து, கை குலுக்கச் சொல்லி, படிவத்தில் 'தீர்ந்தது' என்று எழுதி மூடிவிடுவார்கள். டேட்டா எந்தக் கிழமைக்குள் வர வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்கமாட்டார்! எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது, ஏனென்றால் இரண்டு மாதமாக நீங்கள் இருவரும் தூக்கம் கெட்டுக் கிடப்பதற்குப் பின்னால் இருப்பது அந்த ஒரு தேதி. அதை நீங்களே கேளுங்கள். எந்தக் கிழமை தர முடியும், தள்ளிப்போனால் யார் யாருக்கு முந்தின நாளே சொல்வது, இந்த இரண்டையும் முடிவு செய்துகொண்டு வெளியே வாருங்கள். அன்று மாலையே அதை இரண்டு வரியில் அவருக்கு மெயில் போடுங்கள், சிசி இல்லாமல்.