வாலட் மாற்றப் போகிறீர்களா? அவசரப்படுவதற்கு முன் சில கேள்விகளும் பதில்களும்

கிரிப்டோ வாலட் சரியில்லை, வேறொன்றுக்கு மாற வேண்டும் என்று எழுதுகிறவர்கள் அதிகம். அதில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பணம் தொலைவது பெரும்பாலும் பழைய ஆப்பில் இருக்கும்போது அல்ல, பதற்றத்தில் மாற்றும்போதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஆப்பைத் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சில நாள் இருப்பு பூஜ்யம் என்று காட்டுகிறது. என் காயின் போய்விட்டதா?

பெரும்பாலும் போயிருக்காது. காயின் உங்கள் போனுக்குள் இல்லை, பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் உங்கள் முகவரியின் பேரில் இருக்கிறது. ஆப் ஏதோ ஒரு சர்வரிடம் கணக்கைக் கேட்டுத் திரையில் காட்டுகிறது, அனுப்பச் சொன்னால் பிரைவேட் கீயை, அதாவது வாலட் தொடங்கும்போது ஆப் தரும் 12 சொற்களிலிருந்து உருவாகும் ரகசியச் சாவியை, வைத்துக் கையெழுத்துப் போடுகிறது, அவ்வளவுதான். சர்வர் படுத்துவிட்டால் பூஜ்யம் தெரியும். உங்கள் முகவரியை எத்தீரியம் என்றால் ஈதர்ஸ்கேனிலும், பிட்காயின் என்றால் மெம்பூல் டாட் ஸ்பேஸிலும் போட்டுப் பாருங்கள் (பிளாக்செயின் பதிவைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் தளங்கள் இவை). அங்கே இருந்தால் இருக்கிறது. நீங்கள் அனுப்பாத பணம் வெளியே போயிருப்பது தெரிந்தால் விஷயமே வேறு: பெரும்பாலும் உங்கள் கீ இன்னொருவர் கைக்குப் போய்விட்டது, மிச்சம் இருப்பதை அந்த நிமிடமே வேறு சொற்களில் உருவாக்கிய புதிய முகவரிக்கு மாற்றுங்கள்.

அப்புறம், 12 சொற்கள் காகிதத்தில் கையில் இருப்பதை உறுதி செய்யாமல் ஆப்பை அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்து பார்க்காதீர்கள்.

பழைய வாலட்டின் 12 சொற்களையே புதிய ஆப்பில் போட்டால் போதாதா? எதற்கு ஒரு தடவை கட்டணம் கட்டி அனுப்ப வேண்டும்?

எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி இது. பழைய ஆப் ஏன் பிடிக்கவில்லை என்பதைப் பொறுத்தது பதில். மெதுவாக ஓடுகிறது, அப்டேட் நின்றுவிட்டது, வேண்டிய நெட்வொர்க் இல்லை என்பது மட்டும்தான் குறை என்றால், அதே சொற்களைப் புதிய ஆப்பில் இறக்கலாம். ஆனால் ஆப்பின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது, சொற்களை ஒரு தடவையாவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்தீர்கள், ஏதோ ஒரு தளத்தில் தட்டினீர்கள் என்றால் அந்தச் சொற்களைக் கூடவே எடுத்துக்கொண்டு போவதில் அர்த்தமே இல்லை. பழைய பூட்டைக் கழற்றிப் புது வீட்டுக் கதவில் மாட்டுகிற மாதிரி, சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் அங்கேயும் வருவார்.

2022 ஆகஸ்டில் சொலானா என்ற நெட்வொர்க்கில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். ஸ்லோப் என்ற வாலட்டின் மொபைல் ஆப், பயனர்களின் சீட் ஃபிரேஸை, அதாவது அந்தச் சொற்களை, லாக் பதிவுகளோடு சேர்த்து ஒரு சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது தெரியவந்தது. ஆயிரக்கணக்கான முகவரிகள் காலியாயின. வேறு வாலட்டைப் பயன்படுத்திய சிலரும் அதில் பணத்தை இழந்தார்கள், ஏனென்றால் அதே சொற்களை எப்போதோ ஸ்லோப்பிலும் போட்டிருந்தார்கள்.

சொற்கள் கசியவே இல்லை, உருவானபோதே பலவீனம் என்பதும் உண்டு. 2023-ல் லிப்பிட்காயின் எக்ஸ்ப்ளோரர் என்ற, சொற்களை உருவாக்கித் தரும் கருவியில் இது வெளிவந்தது. 12 சொற்களுக்குப் பின்னால் 128 பிட் அளவு தற்செயல் எண் இருக்க வேண்டும், அதில் இருந்தது வெறும் 32 பிட், அதாவது சுமார் 430 கோடி வாய்ப்புகள். நமக்கு அது பெரிய எண், ஒரு கணினிக்கு உட்கார்ந்து ஒவ்வொன்றாக முயன்று பார்க்கக்கூடிய எண். அப்படி உருவான சொற்களை எவ்வளவு நல்ல ஆப்பில் கொண்டு போய்ப் போட்டாலும் பலவீனம் கூடவேதான் வரும்.

எத்தீரியம் வகை நெட்வொர்க்குகளில் இன்னொரு தொல்லை: ஏதோ ஒரு தளத்தில் நீங்கள் எப்போதோ கொடுத்த டோக்கன் அப்ரூவல் (உங்கள் டோக்கனை எடுத்துக்கொள்ளும் அனுமதி) ஆப்பில் இல்லை, முகவரியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆப்பை மாற்றினாலும் அது அப்படியேதான் இருக்கும். ஈதர்ஸ்கேனில் அப்ரூவல்களைப் பார்த்து ரத்து செய்ய வழி இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் கேஸ், அதாவது நெட்வொர்க்குக்குக் கட்டும் கட்டணம், ஆகும். புது முகவரிக்கே போய்விட்டால் அந்தக் குப்பை பின்னாலேயே நின்றுவிடும். சந்தேகம் கொஞ்சமாவது இருந்தால் கட்டணத்தைக் கட்டிவிட்டுப் புதுச் சொற்களுக்குப் போங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

சொற்களைப் புதிய ஆப்பில் போட்டேன், ஏற்றுக்கொண்டது. ஆனால் பிட்காயின் பூஜ்யம்!

மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, முகவரி வகை. ஒரே சொற்களிலிருந்து 1 என்று தொடங்கும் பழைய முகவரிகள், 3 என்று தொடங்குபவை, பிசி1 என்று தொடங்குபவை எல்லாம் வேறு வேறு பாதைகளில் உருவாகின்றன. உங்கள் பழைய முகவரி எப்படித் தொடங்கியது என்று பார்த்து, புதிய ஆப்பில் டெரிவேஷன் பாத் என்ற இடத்தில் அதற்கேற்ப 44, 49, 84 என்று மாற்றிப் பாருங்கள். இரண்டு, பாஸ்ஃபிரேஸ். 12 சொற்களோடு கூடுதலாக ஒரு கடவுச்சொல் வைத்திருந்தீர்கள் என்றால் அது இல்லாமல் திறப்பது முற்றிலும் வேறொரு வாலட். மூன்று, சொல் தவறு. ஆப் ஏற்றுக்கொண்டதாலேயே சொற்கள் சரி என்று ஆகாது. 12 சொல் அமைப்பில் சரிபார்ப்புக்கு 4 பிட்தான் இருக்கிறது, வரிசை மாறினாலும் 16-ல் ஒரு தடவை பொருந்திவிடும். எலக்ட்ரம் என்ற பிட்காயின் வாலட்டில் உருவாக்கியிருந்தீர்களா? அது வைத்திருப்பது தனி முறை, அந்தச் சொற்களை எலக்ட்ரமிலேயே திறந்து பணத்தை அனுப்பிவிடுங்கள்.

யூஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டிய டோக்கன்) இருக்கிறது, அனுப்பினால் போதிய இருப்பு இல்லை என்கிறது.

கேஸுக்கு வைத்திருக்கவில்லை. எத்தீரியத்தில் இருக்கும் யூஎஸ்டிடியை அனுப்ப ஈதர் வேண்டும், டிரானில் இருந்தால் டிஆர்எக்ஸ், பிஎன்பி செயினில் பிஎன்பி. கொஞ்சம் உள்ளே போடுங்கள். காலி செய்யும்போது வரிசையும் முக்கியம்: டோக்கன்கள், என்எஃப்டிகள் முதலில், ஈதர் கடைசியில். ஈதரை முதலில் அனுப்பிவிட்டு டோக்கனோடு மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். ஆனால் உங்கள் சொற்கள் ஏற்கெனவே கசிந்திருந்தால், கேஸுக்கு என்று போடும் ஈதரை உள்ளே வந்த நொடியிலேயே உறிஞ்சும் நிரல்கள் காத்திருக்கும், அதையும் மனதில் வையுங்கள்.

"மைக்ரேஷன் சப்போர்ட்" என்று ஒருவர் மெசேஜ் செய்தார், சொற்களைக் கேட்கிறார்.

திருடர். பதிலே போடாமல் பிளாக் செய்யுங்கள்.

முழுத் தொகையையும் ஒரே தடவையில் அனுப்பலாமா?

வேண்டாம். நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: புதிய வாலட்டை உருவாக்குங்கள், சொற்களைக் காகிதத்தில் எழுதுங்கள், முதல் முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள். அது காலியாக இருக்கும்போதே அழித்துவிடுங்கள். இப்போது காகிதத்தை மட்டும் பார்த்துத் திரும்பத் திறந்து, அதே முகவரி வருகிறதா என்று பாருங்கள். வந்தால், சின்னத் தொகை ஒன்றை அனுப்பி, அதை அங்கிருந்து திரும்ப வெளியே அனுப்பியும் பாருங்கள். உள்ளே வருவது யாருக்கும் வரும், வெளியே எடுக்க முடிகிறதா என்பதுதான் சோதனை. அதன்பின் மிச்சம்.

முகவரியைப் பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து காப்பி எடுக்காதீர்கள். உங்கள் முகவரியைப் போலவே முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்துகள் உள்ள முகவரியிலிருந்து சில்லறைத் தொகை அனுப்பி, அந்தப் பட்டியலில் இடம் பிடித்துக்கொள்கிற மோசடி பரவலாக நடக்கிறது. புதிய வாலட்டின் பெறுமிடத்திலிருந்து எடுத்து, நடு எழுத்துகளையும் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

பிட்காயின் அனுப்பி இரண்டு நாள் ஆகிறது, போய்ச் சேரவில்லை.

கட்டணத்தைக் குறைவாக வைத்திருப்பீர்கள். பிட்காயினில் கட்டணம் அனுப்பும் தொகைக்கு இல்லை, பரிவர்த்தனையின் அளவுக்கு. வாலட்டில் ஆர்பிஎஃப் வசதி இருந்தால் கட்டணத்தை உயர்த்தி மறுபடி அனுப்பலாம். ஒன்றும் செய்யாவிட்டால் பொதுவாக 14 நாளில் நோடுகள், அதாவது நெட்வொர்க்கை நடத்தும் கணினிகள், அதைக் கைவிட்டுவிடும், பணம் பழைய இடத்திலேயே இருக்கும். "வேகப்படுத்தித் தருகிறோம்" என்று கீயைக் கேட்கும் தளங்களை நெருங்காதீர்கள்.

என் ஆப்பில் சொற்களே கொடுக்கவில்லை. மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் மட்டும்தான்.

அப்படியென்றால் பெரும்பாலும் கீ அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. 2014-ல் திவாலான மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்சிலும் 2022 நவம்பரில் திவாலான எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்சிலும் பணம் வைத்திருந்தவர்கள் நிலை என்ன ஆனது என்று உலகமே பார்த்தது. வித்டிரா வேலை செய்யும்போதே எடுத்துவிடுங்கள். அனுப்பும் பக்கத்திலும் பெறும் பக்கத்திலும் ஒரே நெட்வொர்க்தானா என்று பாருங்கள்.

புதியது எதைத் தேர்ந்தெடுப்பது?

மூல நிரல் எல்லோரும் பார்க்கும்படி திறந்ததாக இருக்க வேண்டும், அண்மையில் அப்டேட் வந்திருக்க வேண்டும், எல்லோரும் ஏற்கும் பிஐபி39 முறையில் சொற்கள் தர வேண்டும். இழந்தால் வலிக்கும் தொகை என்றால் ஹார்ட்வேர் வாலட், தயாரிப்பாளரிடமே வாங்குங்கள். பெட்டிக்குள் சொற்கள் ஏற்கெனவே அச்சடித்து வந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள், சொற்களைக் கருவிதான் உங்கள் கண் முன்னால் உருவாக்க வேண்டும்.

எல்லாம் மாற்றியாயிற்று. பழைய ஆப்பை அழித்துவிடலாமா?

ஆப்பை அழிக்கலாம், சொற்கள் எழுதிய காகிதத்தை வைத்திருங்கள். பழைய முகவரிக்கு யாராவது தெரியாமல் பணம் அனுப்பலாம், எக்ஸ்சேஞ்சில் அந்த முகவரியைச் சேமித்து வைத்திருப்பீர்கள், அதையும் இன்றே மாற்றிவிடுங்கள். ஸ்டேக்கிங்கில் ஏதாவது பூட்டி வைத்திருந்தால் முதலில் அதை விடுவிக்கச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, காஸ்மோஸ் ஹப் நெட்வொர்க்கில் அதற்கு 21 நாள் ஆகும், பணம் பழைய முகவரிக்குத்தான் வரும், வந்து சேரும்வரை வாரம் ஒரு தடவை எக்ஸ்ப்ளோரரில் பார்த்துக்கொள்ளுங்கள்.