பத்து வருஷ டெஸ்க்டாப்பை என்ன செய்வது? லினக்ஸ் கேள்வி-பதில்

கேள்வி: அண்ணாச்சி, நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். வீட்டில் 2014-ல் வாங்கிய டெஸ்க்டாப் இருக்கிறது. ஐ5 நான்காம் தலைமுறை, 8 ஜிபி ரேம். விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் கிடையாது, 11 இதில் ஏறாது, புதுசு வாங்குங்கள் என்கிறார் கடைத் தம்பி. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இன்னொரு ஓஎஸ் (கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை நிரல்) போட்டால் போதும் என்கிறார் மருமகன். எனக்கு வேண்டியது கட்டுரை அடிப்பது, பேங்க் கணக்கு பார்ப்பது, பேத்தியோடு வீடியோவில் பேசுவது, அவ்வளவுதான். யார் பேச்சைக் கேட்பது? – ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: கடைத் தம்பி சொன்னதில் முதல் பாதி சரி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. வீட்டு உபயோகக்காரர்கள் தனியாகப் பதிவு செய்தால் கிடைக்கும் பாதுகாப்பு அப்டேட்டும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி மெஷினில் வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது இருக்க வேண்டும். உங்களுடையது நான்கு. அதற்காகப் புதுசு வாங்கித்தான் ஆக வேண்டுமா? நீங்கள் சொன்ன மூன்று வேலைக்கும் இந்த மெஷின் தாராளமாகப் போதும். மருமகன் பேச்சைக் கேளுங்கள்.

லினக்ஸில் பல வகை உண்டு, அதில் லினக்ஸ் மின்ட் 22 போடச் சொல்லுங்கள். 2029 வரை அதற்கு அப்டேட் உண்டு. காசு கிடையாது, எத்தனை மெஷினில் வேண்டுமானாலும் சட்டப்படி போடலாம். கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று விண்டோஸில் பழகிய கைக்கு ஒத்துவரும். கட்டுரை அடிக்க லிப்ரே ஆபீஸும், இணையம் பார்க்க ஃபயர்பாக்ஸும் கூடவே வருகின்றன.

நிறுவுவதற்கு முன்னால் ஒத்திகை பாருங்கள். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் மின்ட்டை எழுதி, மெஷினை ஆன் செய்யும்போது, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவைத் திறந்து பென்டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டெல், லெனோவா என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9. ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே மின்ட் ஓடும். அதில் பேத்தியோடு ஒரு தடவை பேசிவிடுங்கள். கேமரா, மைக், ஸ்பீக்கர், பிரிண்டர், வைஃபை எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே முடிவெடுங்கள். யுஎஸ்பி வைஃபை டாங்கிள் சில மாடல்களில் அடம் பிடிக்கும். அப்படியானால் ரௌட்டரிலிருந்து ஒரு கேபிள் இழுத்துவிட்டால் தீர்ந்தது.

நிறுவும்போது டிஸ்க்கை முழுவதும் அழிக்கும் வாய்ப்பும் திரையில் வரும். அதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் கட்டுரைகள், போட்டோக்கள் எல்லாம் போய்விடும். முன்கூட்டியே வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் மட்டும் அவசரமே வேண்டாம்.

செலவு செய்வதானால் சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்கான சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை 256 ஜிபியில் வாங்கி, மின்ட்டை அதில் போடுங்கள். பழைய ஹார்டு டிஸ்க் சேமிப்புக்கு இருக்கட்டும். பழைய மெஷின் மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் அந்தச் சுழலும் டிஸ்க்தான் காரணம். பெட்டியைத் திறக்கும்போதே மதர்போர்டில் உள்ள காசு போன்ற சிஆர் 2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். அது தீர்ந்துபோனால், கரண்ட் போய் வந்ததும் கம்ப்யூட்டரின் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். பேங்க் தளம் பாதுகாப்பில்லை என்று பிரவுசர் திறக்க மறுக்கும். அப்போது லினக்ஸ் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு டைப் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். பழைய ஃபைல் எல்லாம் வானவில் எழுத்துருவில் இருக்கிறது. லினக்ஸுக்குப் போனால் அவை திறக்குமா? எனக்கு டைப்ரைட்டர் முறைதான் பழக்கம். – ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஃபைல் திறக்கும். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குவியலாகத்தான் தெரியும். எந்த மெஷினிலும் தமிழ் எழுத்தாகவே படிக்கப்படும் பொதுத் தரம் யூனிகோடு. வானவில் அது அல்ல. ஆங்கில எழுத்துகளுக்கான இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்தது. அதனால்தான் அந்த ஃபைலில் ஒரு பெயரைத் தமிழில் அடித்துத் தேடினால் கிடைப்பதில்லை. உரிமத்தோடு வாங்கிய எழுத்துரு கையில் இருந்தால் அதை லினக்ஸிலும் நிறுவி, பழையதைப் பார்க்கலாம், பிரிண்ட் எடுக்கலாம். புதிதாக அடிப்பதை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். தமிழக அரசே 2010-ல் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது.

பழையதை மாற்ற ஓப்பன்-தமிழ் என்ற திறமூல நிரல் தொகுப்பு உதவும், அதில் வானவிலுக்கும் மாற்றி உண்டு. பைத்தான் தெரிந்த கல்லூரிப் பையன் ஒருவன் உட்கார்ந்தால் மொத்த ஃபோல்டரையும் மாற்றித் தந்துவிடுவான். மாற்றியதும் ஒற்று, கொம்பு எல்லாம் சரியாக விழுந்திருக்கிறதா என்று சில பக்கங்களைப் படித்துப் பார்க்க வேண்டும். ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன்: மனுக்களை முன்பின் தெரியாத ஆன்லைன் கன்வெர்ட்டரில் ஒட்டாதீர்கள். அதில் பட்டா எண், ஆதார் எண், குடும்பச் சண்டை எல்லாம் இருக்கும். நம்பி வந்து எழுதச் சொன்னவர்களுடைய விஷயம் அது.

டைப்ரைட்டர் முறை போய்விடுமோ என்ற கவலை வேண்டாம். ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையோடு, பல மொழிக் கீபோர்டு முறைகள் அடங்கிய எம்17என் தொகுப்பை நிறுவினால், அதில் தமிழ் டைப்ரைட்டரும் இருக்கும், தமிழ்99 என்ற கீபோர்டு முறையும் இருக்கும். கடைக்கு வேலைக்கு வரும் புதுப் பிள்ளைகளுக்குத் தமிழ்99 சொல்லிக்கொடுங்கள். க விசையை இரண்டு முறை தட்டினால் முதல் க-வுக்குப் புள்ளி தானாக விழுந்து க்க வந்துவிடும், நாள் முழுக்க அடிக்கிற கைக்கு அது பெரிய உபகாரம். ஆனால் கீபோர்டு அமைப்பிலேயே நேரடியாகத் தமிழ்99-ஐச் சேர்த்தால் இந்த வசதி வராது. ஐபஸ் வழியாகத்தான் சேர்க்க வேண்டும்.

கேள்வி: வீடியோக்களில் வருவதுபோல என் லினக்ஸ் டெஸ்க்டாப்பை அழகாக மாற்ற ஆசை. மாற்றப்போனால் ஏதாவது உடைந்துவிடுகிறது. – கல்லூரி மாணவர், வள்ளியூர்

பதில்: தம்பி, சோதனைக்கென்று இன்னொரு யூசர் கணக்கு தொடங்குங்கள். தீம், ஐகான், பேனல் அமைப்புகள் பெரும்பாலும் அந்தந்த யூசரின் ஹோம் ஃபோல்டரில்தான் பதிவாகும். அங்கே என்ன உடைந்தாலும் கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம், உங்கள் சொந்தக் கணக்கு தப்பிக்கும். ரொம்ப நுணுக்கமாக மாற்ற ஆசை என்றால் கேடிஈ பிளாஸ்மா என்ற டெஸ்க்டாப்பைப் பாருங்கள். சூடோ என்று தொடங்கும் கட்டளையைப் புரியாமல் ஒட்டாதீர்கள், அது மொத்த மெஷினையும் தொடும். முதலில் டைம்ஷிஃப்ட் என்ற நிரலில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், ஏதாவது உடைந்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அது சிஸ்டத்துக்கு மட்டும்தான். புராஜெக்ட் ஃபைலுக்குத் தனி நகல் வேண்டும்.

கேள்வி: அப்பளம் செய்து கடைகளுக்குப் போடுகிறோம். கணக்கு டேலியில் இருக்கிறது. நாங்களும் லினக்ஸுக்கு மாறலாமா? – ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அந்த மெஷினை மாற்ற வேண்டாம் அம்மா. டேலி விண்டோஸுக்கென்று செய்தது. வைன் என்ற நிரல் வழியாக லினக்ஸில் ஓட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு, ஆனால் ஜிஎஸ்டி கட்டுகிற கணக்கில் அந்தப் பரிசோதனை கூடாது. உங்கள் ஆடிட்டரும் டேலி ஃபைலைத்தான் கேட்பார். கணக்குக்கு ஆதரவுள்ள விண்டோஸ் மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு, ஆர்டர், லேபிள், பிள்ளைகள் படிப்பு இதற்கெல்லாம் பழைய மெஷினில் லினக்ஸ் போடுங்கள்.

கேள்வி: திருநெல்வேலியில் ஒரு கடையில் செகண்ட்ஹேண்ட் டெஸ்க்டாப் வாங்கினேன். விண்டோஸும் ஆபீஸும் இலவசம் என்று போட்டுத் தந்தார்கள். இரண்டு மாதத்தில் ஹேங் ஆகிறது. துண்டுச் சீட்டுதான் கொடுத்தார்கள். என்ன செய்ய? – ஒரு வாசகர், மேலப்பாளையம்

பதில்: இலவசம் என்று போட்டுத் தந்தது பெரும்பாலும் திருட்டு நகலாகத்தான் இருக்கும். உரிமம் இருப்பதுபோல விண்டோஸை ஏமாற்ற, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டும் ஆக்டிவேட்டர் அந்த மெஷினில் என்னென்ன விட்டுப்போனது என்று யாருக்கும் தெரியாது. அதில் இதுவரை பயன்படுத்திய பாஸ்வேர்டுகளை வேறொரு சாதனத்திலிருந்து இன்றே மாற்றுங்கள். அப்புறம் மேலே சொன்ன பென்டிரைவ் ஒத்திகையைச் செய்யுங்கள். அதில் ஹேங் ஆகாமல் ஓடினால் கோளாறு அந்த விண்டோஸிலோ டிஸ்க்கிலோ இருக்கும். அதிலும் ஹேங் ஆனால் ரேம், பவர் சப்ளை போன்ற வன்பொருள் பக்கம் பார்க்க வேண்டும். கடைக்குப் போகும்முன் இது தெரிந்திருந்தால் உங்களை அலைக்கழிக்க முடியாது.

துண்டுச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். ஜிபேயில் பணம் போட்ட விவரம், வாட்ஸ்அப்பில் பேசியது எல்லாம் ஆதாரம்தான். குறையை எழுதி, ஸ்பீட் போஸ்ட்டில் கடைக்கு அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம், திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போடலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. அடுத்த முறை வாங்கும்போது சீரியல் எண்ணும் வாரண்டி நாளும் எழுதிய ஜிஎஸ்டி பில்லைக் கேளுங்கள். ஓஎஸ் எதுவும் போடாமல் வெறும் மெஷினாகவே தரச் சொல்லி, பென்டிரைவைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள்.