கூப்பிடாமல் போகாதீர்கள்: பேரிடர் மருத்துவக் குழு கேள்வி-பதில்

வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே கேள்விதான். அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

கேள்வி: வெளிநாட்டில் நிலநடுக்கம் என்று செய்தி வந்தால், டாக்டர்களான நாங்கள் மூன்று பேர் சுற்றுலா விசாவில் உடனே கிளம்பலாமா? செலவு முழுக்க எங்களுடையது.

பதில்: கூடாது. செலவு யாருடையது என்பது இங்கே பிரச்சினையே இல்லை. 2010 ஜனவரியில் ஹைட்டியில் இப்படி நல்லெண்ணத்தோடு வந்து இறங்கியவர்கள் ஏராளம். யார், யாருக்கு, என்ன அறுவை செய்தார்கள் என்பதற்குப் பல இடங்களில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. எத்தனை பேருக்குக் கை கால் எடுக்கப்பட்டது என்ற சரியான கணக்கு இன்றுவரை கிடையாது. அந்தக் குழப்பத்துக்குப் பிறகுதான் 2013-ல் உலக சுகாதார நிறுவனம் குழுக்களை டைப் 1 (புறநோயாளி), டைப் 2 (படுக்கையும் அறுவையும்), டைப் 3 (உயர்நிலைச் சிகிச்சை) என்று வகைப்படுத்தியது. பாதிக்கப்பட்ட நாடு கேட்க வேண்டும், உங்கள் குழு அங்கே பதிவாக வேண்டும், சான்றிதழைப் பார்த்து அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் அனுமதி தர வேண்டும். கூப்பிடாமல் போகாதீர்கள். ஏதாவது ஒரு குழுவில் இன்றே சேர்ந்து பயிற்சி எடுங்கள்.

கேள்வி: எங்கள் அமைப்பில் ஆறு பேர் இருக்கிறோம். டைப் 2 ஆகப் பதிவு செய்ய என்ன படிவம்?

பதில்: படிவத்தைத் தேடுமுன் விதிமுறையை ஒருமுறை படித்திருக்கலாம். டைப் 2 என்றால் குறைந்தது 20 படுக்கை, ஒரு அறுவை அரங்கு, தினம் ஏழு பெரிய அறுவை அல்லது பதினைந்து சிறிய அறுவை, இரவு பகல் 24 மணி நேரமும். ஆறு பேரால் ஒரு ஷிப்ட்கூட ஓடாது. நடமாடும் டைப் 1 குழுவே நாளைக்கு 50 புறநோயாளிகளைப் பார்க்க வேண்டும். தண்ணீர், சாப்பாடு, கூடாரம், ஜெனரேட்டர், டீசல், கழிப்பறை எல்லாம் உங்களுடையதாகவே இருக்க வேண்டும். கழிப்பறையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் அதே ஹைட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். 2010 அக்டோபரில் ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து காலரா பரவியது. சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள்.

கேள்வி: நான் பொது அறுவை மருத்துவர். பேரிடர் முகாமில், ஆறு மணி நேரத்துக்குள் வரும் காயத்தை நன்றாகக் கழுவி உடனே தைத்துவிடலாம்தானே? நோயாளிக்கும் நிம்மதி.

பதில்: தைக்காதீர்கள். எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வசதியான மருத்துவமனையில் கண்ணாடி கிழித்த காயம் வேறு. இடிபாட்டில் நசுங்கிய காயம் வேறு. பின்னதில் எந்தத் தசை பிழைக்கும், எது சாகும் என்று முதல் நாளில் யாராலும் சொல்ல முடியாது. மேலே தோலை இழுத்து மூடிவிட்டால் உள்ளே காற்றில்லாத இடத்தில் கிருமி சுகமாக வளரும்.

ஒரு முகாமில் நான் பார்த்த கெண்டைக்கால் இது. முந்தைய குழு போட்ட தையல் அவ்வளவு அழகு, இடைவெளி அளந்து போட்டதுபோல. காலோ பளபளவென்று வீங்கியிருந்தது. ஒன்றுவிட்டு ஒரு தையலை வெட்டியதும் சாம்பல் நிறத்தில் நாற்றமெடுத்த நீர் வழிந்தது. விரலை விட்டால் செங்கல் தூளும் கால்சட்டைத் துணியின் இழையும் வந்தன. அந்தப் பையன் கையில் ஒரு காகிதமும் இல்லை. என்ன ஆன்டிபயாடிக், டெட்டனஸ் ஊசி போட்டார்களா, எதுவும் தெரியாது. தைத்தவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள்.

செய்ய வேண்டியது இதுதான்: செத்த திசுவைத் தயங்காமல் வெட்டி எடுங்கள். லிட்டர் கணக்கில் கழுவுங்கள். தளர்வாக காஸ் துணி (கட்டுப்போடும் வலைத்துணி) வைத்து, தைக்காமல் திறந்தே விடுங்கள். காய்ச்சலோ, நாற்றமோ, வலி கூடுவதோ இல்லையென்றால் நான்கைந்து நாள் கட்டைப் பிரிக்க வேண்டாம். பிறகு அரங்கில் பிரித்து, சுத்தமாக இருந்தால் தையுங்கள். முகமும் தலைத்தோலும்தான் பொதுவான விதிவிலக்கு. எலும்பு முறிந்திருந்தால் வெளிச்சட்டம் (எலும்பைத் தோலுக்கு வெளியே கம்பியால் பிடித்து நிறுத்தும் சட்டம்) போதும். கூடாரத்தில் பிளேட், ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம். டெட்டனஸ் தடுப்பை மறக்காதீர்கள்: 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சேயில் நூறு பேருக்கு மேல் டெட்டனஸ் வந்தது. செய்ததை எழுதுங்கள், ஒரு நகலை நோயாளி கையில் கொடுங்கள்.

கேள்வி: இடிபாட்டில் பல மணி நேரம் கால் மாட்டியவரை வெளியே எடுத்ததும் என்ன திரவம் ஏற்றலாம்?

பதில்: எடுத்த பிறகு அல்ல, எடுப்பதற்கு முன்பே. ஊசி ஏற்ற ரத்தக்குழாய் கிடைத்தவுடன் நார்மல் சலைன் (உப்பு நீர்), பெரியவர்களுக்கு மணிக்கு ஒரு லிட்டர் அளவில் தொடங்கி, சிறுநீர் எவ்வளவு வருகிறது என்று பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். வழக்கமாக ஏற்றும் இன்னொரு திரவமான ரிங்கர் லாக்டேட் வேண்டாம், அதில் பொட்டாசியம் இருக்கிறது. நசுங்கிய தசையே ஆபத்தான அளவு பொட்டாசியத்தை ரத்தத்தில் கொட்டும். 1999 துருக்கி நிலநடுக்கத்தில் இப்படி நசுங்கியதால் 600-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்தது, பெரும்பாலோருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. பக்கத்தில் டயாலிசிஸ் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே விசாரித்து வையுங்கள்.

கேள்வி: வீட்டிலும் கிளினிக்கிலும் மீந்த மாத்திரைகளை மூட்டை கட்டி அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். சுனாமிக்குப் பிறகு ஆச்சேயில் சுமார் 4,000 டன் மருந்து குவிந்தது. பாதிக்கும் மேல் அந்நாட்டு மருந்துப் பட்டியலிலேயே இல்லாதவை. அதைப் பிரித்து அழிப்பதே தனி வேலையாகிவிட்டது. அவர்கள் கேட்ட மருந்தாக இருக்க வேண்டும், காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும். இல்லையென்றால் பணமாகக் கொடுங்கள்.

கேள்வி: நான் மகப்பேறு மருத்துவர். காயம் பார்க்கும் இடத்தில் எனக்கு என்ன வேலை?

பதில்: நிறைய. நிலநடுக்கம் வந்தது என்பதற்காகப் பிரசவம் நிற்காது. முதல் வாரம் தாண்டினால் வருகிறவர்களில் பெரும்பாலோர் கர்ப்பிணிகள், குழந்தைகள், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்தவர்கள்.

கேள்வி: மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவி. வரலாமா?

பதில்: இப்போது வேண்டாம். படிப்பை முடித்து, இரண்டு மூன்று ஆண்டு சொந்தமாக நோயாளிகளைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி எப்போது போட வேண்டும்?

பதில்: பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பே. ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

கேள்வி: ஐந்து நாள் லீவு கிடைக்கும். ஒரு குழுவோடு போய்வரலாமா?

பதில்: பயணத்துக்கே இரண்டு மூன்று நாள் போய்விடும். டைப் 1 குழு குறைந்தது இரண்டு வாரம், டைப் 2 மூன்று வாரம் இருக்க வேண்டும். கிளம்பும்போது கட்டுப் பிரிக்க வேண்டியவர்களின் பட்டியலை உள்ளூர் மருத்துவமனையில் ஒருவர் கையில் கொடுத்து, அவரோடு ஒவ்வொரு படுக்கையாகச் சுற்றி வர அரை நாளாவது ஆகும். லீவை நீட்டிக்க முடிந்தால் எழுதுங்கள்.